செவெல் சக்கரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்

டுவெய்ன் ஓஸ்டர்ஃபெல்டின் பழைய செவெல் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். இழுவை வண்டியின் முதுகில் அது வந்த கோலத்தைப் பார்த்தால், பிஷப் ஊருக்குள் பவனி வருகிறார் என்று நினைத்து முழந்தாளிடத் தோன்றும். பின்னால் டுவெய்னின் பிக்கப். அதற்கும் பின்னால் அவனுடைய கார் கிளப்காரர்கள் மூன்று பேரின் கார்கள், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, சவ ஊர்வலத்தின் வேகத்தில். என் மாமனார் இறந்தபோதுகூட இத்தனை வண்டி வரவில்லை. இத்தனைக்கும் அவர் இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கடனாகவே டிங்கரிங் செய்து கொடுத்தவர்.

நான் ரீட்டா. செயின்ட் ஓடிலியா என்கிற இந்த அமெரிக்கச் சிற்றூரில் என் கணவர் ஆல்வினுக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. அவர் தகரத்தோடு பேசுவார், நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களோடு பேசுவேன். இரண்டில் எது அதிகம் காதைச் செவிடாக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

டுவெய்ன் விதையும் உரமும் விற்கிறவன். ஆனால் அது அவனுடைய தொழில் மட்டும்தான். அவனுடைய மதம் அந்த 1970 செவெல். அடர்ந்த பச்சை நிறம், பானட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, ஸ்டார்ட் செய்தால் இரண்டு தெரு தள்ளி இருக்கிற கன்னியர் மடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவன் மனைவி கோலீனின் பிறந்தநாள் அவனுக்கு நினைவிருக்குமோ என்னவோ, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் வருஷம் தவறாமல் கேக் வெட்டுவான். முதல் துண்டு கோலீனுக்குத்தான் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான்.

அவன் தலைவராக இருக்கிற கிளப் கோடைகாலத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் கூடும். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஐஸ்கிரீம் கடையின் வாசல்தான் அவர்கள் கோயில். காரை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு, அறுபது வயது ஆண்கள் தங்கள் சொந்த எஞ்சினையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அலுத்துப்போனால் எழுந்து போய் அடுத்தவன் காரில் ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டாமல் விழுந்தால் அந்த இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த மனிதனைக் கேலி செய்தே சாயங்காலத்தைக் கழித்துவிடுவார்கள். இவர்களில் பலரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் வரிசையில்தான் நிற்கிறார்கள். தங்கள் நெஞ்சில் எந்த இடத்தில் பட்டி பூசியிருக்கிறது என்று பார்க்க இவர்களிடம் காந்தம் கிடையாது.

கூட்டம் கலையும்போது ஒரு சடங்கு உண்டு. தலைவர் கடைசியாகப் புறப்படுவார். எல்லாரும் சாலையோரம் வரிசையாக நின்று, "புகை போடு, புகை போடு" என்பார்கள். ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பின்சக்கரங்களுக்கு அடியில் ஊற்ற வேண்டும். ஈரத்தில் டயர் வழுக்கி நின்ற இடத்திலேயே சுழலும், சூடேறும், பிறகு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். வாளி பிடிப்பது ஒரு கௌரவம். யார் பிடிப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் டயரின் ஆயுளில் பாதி போய்விடும். போகட்டும், புகை வந்ததா இல்லையா என்பதுதான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை புகை வந்தது. நன்றாகவே வந்தது. காரின் வால் வழுக்கி, டுவெய்ன் ஸ்டியரிங்கைத் திருப்பி, கார் குறுக்காகப் பாய்ந்து, சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சாம்பல்நிறக் காரின் மேல் மோதியது.

அந்தக் காரை ஓட்டிவந்தவள் நெலினா. மார்ஷல் தீவுகளிலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை. அன்றைக்கும் ஒரு கிழவரைப் படுக்க வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். மோதிய வேகத்தில் அவள் புருவம் கிழிந்துவிட்டது. அவள் இறங்கி, முதலில் செவெலிடம் போனாள். டுவெய்ன் உள்ளே கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான். பின்கதவு இல்லாத கார் அது. அவள் முன்கதவு வழியாகவே பின்சீட்டுக்கு நுழைந்து, பின்னாலிருந்து அவன் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தாள். அவள் நுழையும்போது டுவெய்ன் சொன்னது இதுதான்:

"கதவுல சாயாதம்மா. பெயிண்ட் போயிடும்."

இதை நான் இட்டுக்கட்டவில்லை. கிளப்காரர்களே பிறகு கடைத்தெருவில் இதை ஒரு வீரக்கதை மாதிரி சொல்லிச் சிரித்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் தன் கோட்டைக் கழற்றி, நசுங்கிப்போன பானட்டின் மேல் போர்த்தினானாம், பார்க்கவே தாங்கவில்லை என்று. முகத்தில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு கைக்குட்டை கொடுக்க அத்தனை பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பிறகு போலீஸ்காரர் வந்தார். கோடை முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்ட புகையில் அந்த இடத்துச் சாலை முழுக்கக் கறுப்புத் தடம். எது அன்றைய தடம், எது போன வாரத்துத் தடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அவர் நின்றவர்களைக் கேட்டார். மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அந்தப் பெண் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி வந்தாள். போலீஸ்காரர் அவள் பேரில் அபராதச் சீட்டு எழுதினார். எழுதும்போது அவள் புருவத்துக்கு ஆம்புலன்ஸ்காரர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சீட்டு நீதிமன்றத்தில் நிலைத்துவிட்டால் நெலினாவுக்கு வேலை போய்விடும். தப்பாக ஓட்டி விபத்து உண்டாக்கியவளை அவள் நிறுவனம் வீடுகளுக்கு அனுப்பாது. எங்கள் மாவட்டத்தில் கார் ஓட்டாமல் அந்த வேலையைச் செய்யவும் முடியாது. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே சோளக்காடுதான் இருக்கிறது.

ஏன் பொய் சொன்னார்கள் என்றால் அதற்கும் அந்தக் கார்தான் காரணம். பழைய கார்களுக்கென்று இருக்கிற இன்சூரன்ஸ் சாதாரண இன்சூரன்ஸ் மாதிரி இல்லை. காரின் மதிப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பாலிசி எழுதுவார்கள். பதிலுக்குச் சில நிபந்தனைகள். அதை வைத்து வேலைக்குப் போகக் கூடாது, ராத்திரி வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது, பந்தயம் ஓட்டக் கூடாது, புகை போடக் கூடாது. புகை போட்டுத்தான் கார் நசுங்கியது என்று தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். ஆகவே செவெலின் மட்கார்டைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பிழைப்பைக் கொடுத்துவிடலாம் என்று மூன்று பேர் முடிவு செய்தார்கள். அப்படி யோசித்துக்கூட செய்திருக்க மாட்டார்கள். அவளைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

ஆல்வினும் அந்தக் கிளப்பில் இருக்கிறார். அவரிடம் சொந்தமாக அப்படி ஒரு கார் கிடையாது. தகரம் தெரிந்தவர் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தவர் முகம் வெளிறியிருந்தது. அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று சொன்னார். நீங்கள் ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தான் அப்போது ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்ததாகவும், புகையைத்தான் பார்த்ததாகவும், மோதலைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். புகையைப் பார்த்ததே போதுமே என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "வண்டி நம்மகிட்ட வரப்போகுது ரீட்டா. குளிர்காலச் செலவுக்கு இது ஒண்ணு போதும்" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை செவெல் வந்தது. சாம்பல் காரும் வந்தது, அதற்கு ஊர்வலம் இல்லை. போலீஸ் சொல்லி இழுவை வண்டிக்காரன் அதைக் கொண்டுவந்து பட்டறைக்குப் பின்னால், பழைய டயர் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான்.

டுவெய்ன் தினமும் வந்தான். கழுத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைப் பட்டை. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திருப்புவான். காரைச் சுற்றிச் சுற்றி வருவான். முன் மட்கார்டு புதுசாகப் போடக் கூடாது, அதே வருஷத்து அசல் மட்கார்டு எங்காவது தேடிப் பிடிக்க வேண்டும் என்பான். பச்சை நிறத்தைக் கம்ப்யூட்டரில் கலக்கக் கூடாது, ஆல்வின் கண்ணால் பார்த்துக் கலக்க வேண்டும் என்பான். ஒருநாள் நான் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு நெற்றி எப்படி இருக்கிறதாம் என்று. எந்தப் பெண் என்று கேட்டான். சத்தியமாகக் கேட்டான். நடிக்கவில்லை.

அவன் ஆத்துமத்துக்காக நான் அன்று மாலை ஜெபமாலை சொன்னேன். பாதியில் கோபம் வந்து நிறுத்திவிட்டேன். பிறகு கோபத்துக்காகவும் சேர்த்து மறுபடி ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். கார்மைக்கேல் என்று பெயர். மெலிந்த மனிதர், தூக்கம் இல்லாத கண்கள், சட்டைப் பையில் நான்கு பேனா. காரின் சேதத்தைப் பார்க்க வந்தவர்களில் காருக்கு முன் மனிதர்களைப் பார்த்து வணக்கம் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கீழே படுத்துப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், படம் எடுத்தார். டுவெய்ன் அவர் பின்னாலேயே போய், இது என்ன போல்ட், இது எந்த ஊரில் கிடைத்தது என்று கதை சொன்னான். மூன்று கிளப்காரர்களும் சுவரோரம் கை கட்டி நின்றார்கள், ஆஸ்பத்திரியில் உறவினர்கள் நிற்பது மாதிரி.

அந்த நேரத்தில் நெலினா வந்தாள். அவள் அத்தை மகன் வேனில் கொண்டுவந்து விட்டான். தன் காரில் இருக்கிற சாமான்களை எடுத்துப் போக வந்திருக்கிறாள். என்ன சாமான் என்றால் ஒரு பெட்டி ரப்பர் கையுறை, ஒரு மடக்குக் கைத்தடி, யாரோ ஒரு கிழவரின் செருப்பு. அந்தச் செருப்பு இல்லாமல் அவர் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாராம், அதனால்தான் அவசரமாக வந்தாளாம். புருவத்தில் தையல். எல்லாருக்கும் தலையசைத்து வணக்கம் சொன்னாள். சுவரோரம் நின்றவர்கள் மூன்று பேரும் திடீரென்று கூரையில் ஏதோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் டுவெய்னைக் கடந்து போகும்போது நின்றாள்.

"சார், கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்கு."

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. அந்தப் பட்டையைத் தலைகீழாப் போட்டிருக்கீங்க."

டுவெய்ன் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். அவன் ஐந்து நாளாக அதை அப்படித்தான் போட்டிருந்தான். ஐந்து நாளாக அவன் கூடவே திரிந்த மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கார்க் கதவின் இடுக்கு ஒரு நூல் அகலம் கூடினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். தங்கள் தலைவனின் தாடை தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டு முழுங்க முடியாமல் இருப்பது ஒருவன் கண்ணிலும் படவில்லை.

"நான் சரி பண்ணட்டுமா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

அவன் விலகாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் அவன் பின்தலையைத் தாங்கி, இன்னொரு கையால் ஒட்டுப்பட்டையைப் பிரித்து, அதைத் திருப்பி, தாடையை அதன் குழிக்குள் மெதுவாக வைத்து, மறுபடி ஒட்டினாள். குழந்தைக்குத் தொப்பி போட்டுவிடுகிற மாதிரி ஒரு காரியம். டுவெய்னின் தோள் இரண்டும் தன்னால் கீழே இறங்கின. அதுவரை அவை மேலே ஏறியிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பல்லு தேய்க்கும்போதுகூட குனியாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போய்விட்டாள்.

ஆல்வின் கையில் ஸ்பானரோடு அங்கேயே நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். ஆனால் அது அப்போது எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டுவெய்ன் நன்றி சொல்லியிருப்பான் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் நல்ல மனசுக்கு ஆண்டவர் பலன் தரட்டும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சர்வேயரிடம் திரும்பினான், உடம்போடு சேர்த்து.

கார்மைக்கேல் எஞ்சினுக்குள் விளக்கடித்துக்கொண்டிருந்தார். எஞ்சினில் நம்பர் பொறித்திருக்கிற இடம் எப்போதோ கடைசல் பிடித்ததில் வழுவழுப்பாகிவிட்டது என்றார். நம்பர் இல்லாவிட்டால் இது அந்தக் காரோடு வந்த அசல் பெரிய எஞ்சின் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். கூடவே, பார்த்தால் சாதாரணச் செவெலில் வருகிற சின்ன எஞ்சினை மேலே அலங்காரம் செய்து வைத்த மாதிரியும் இருக்கிறது, அதற்கு இவ்வளவு இழுவை இருக்காதே என்றார்.

அவர் வேண்டுமென்றே குத்தினாரா, இல்லை உள்ளதைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டுவெய்னின் முகம் செங்கல் நிறமாயிற்று. நீ உன் அம்மாவைக் கொன்றாயா என்று அவனைக் கேட்டிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"சின்ன எஞ்சினா? இழுவை இருக்காதா? இங்க பாருய்யா."

ஃபோனை எடுத்தான். விரலால் இழுத்தான். சர்வேயரின் மூக்குக்கு நேரே நீட்டினான். அவன் பின்னால் நின்ற மூவரில் ஒருவன், "டுவெய்ன்" என்று மெல்லக் கூப்பிட்டான். அவன் காதில் விழவில்லை.

கிளப்காரன் ஒருவன் எடுத்த வீடியோ அது. நானும் எட்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கடை. சாலையோரம் வரிசை. "புகை போடு, புகை போடு." பச்சைச் செவெல் சாலையை நோக்கி நிற்கிறது. ஒரு மனிதர் வாளியோடு ஓடிவந்து, குனிந்து, பின்சக்கரங்களுக்கு அடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே விலகுகிறார். எஞ்சின் அலறுகிறது. புகை. கார் வாலை ஆட்டிக்கொண்டு சாலையில் ஏறுகிறது. அங்கே முடிந்துவிட்டது. மோதலைக் கிளப்காரர்களே வெட்டி எடுத்துவிட்டார்கள். மறைப்பதற்காக இல்லை. அந்த அளவு சாமர்த்தியம் அவர்களுக்கு இருந்ததில்லை. செவெல் நசுங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்க அவர்களுக்கு மனசு வரவில்லை, அதனால் வெட்டினார்கள்.

வாளியோடு ஓடிவந்தவர் ஆல்வின்.

"இப்ப சொல்லு, இது சின்ன எஞ்சினா?" என்றான் டுவெய்ன். அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஃபோனைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

கார்மைக்கேல் ஒரு பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. நல்ல எஞ்சின்தான் என்றார். இது எப்போது எடுத்தது என்று கேட்டார்.

"போன வருஷம்" என்றான் டுவெய்ன். ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னான்.

சுவரோரம் நின்றவர்கள், ஆமாம், போன வருஷம் என்றார்கள். மூன்று பேரும். இந்தத் தடவையும் ஒரே வாக்கியம்.

சர்வேயர் ஆல்வினைப் பார்த்தார். "வாளி வச்சிருக்கறது நீங்கதானே சார்?"

"நான்தான்."

"போன வருஷமா?"

பின்பக்கம் நெலினா தன் காரின் கதவைத் திறக்கப் பார்க்கிற சத்தம் கேட்டது. மோதியதில் நெளிந்த கதவு அது, திறக்காது. அவள் இழுக்கிறாள், விடுகிறாள், மறுபடி இழுக்கிறாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஆல்வின் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு டுவெய்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"போன சனிக்கிழமை" என்றார் ஆல்வின். "நான் தண்ணி ஊத்தினேன். இவன் புகை போட்டான். கோட்டைத் தாண்டினது இவன்தான். அந்தப் பொண்ணு அவ பக்கத்துல அவ பாட்டுக்கு வந்துச்சு."

"டேய் ஆல்வின்" என்றான் டுவெய்ன்.

"கழுத்தைத் திருப்பாதடா. இப்பத்தான் சரி பண்ணிவிட்டுப் போயிருக்கா" என்றார் ஆல்வின். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவைத் திறந்துவிடப் பின்பக்கம் போனார்.

ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்தேன் என்று என்னிடம் சொன்ன பொய்யைப் பற்றி அன்று ராத்திரி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் இரண்டாம் தடவை பரிமாறினேன். இப்படிச் செய்ததால் நான் பெருந்தன்மையான மனுஷி என்று ஆகிவிடாது. முந்தின நாட்களில் அவர் மேல் எனக்கு இருந்த ஏளனம், அந்த மூன்று பேர் மேல் இருந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உருளைக்கிழங்காகப் பரிமாறினேன்.

கம்பெனி செவெலுக்கு ஒன்றும் தர முடியாது என்று எழுதிவிட்டது. நெலினாவின் காருக்கும் காயத்துக்கும் கொடுத்தது. அடுத்த வாரம் ஒரு மழைநாளில் இழுவை வண்டி மட்டும் வந்து செவெலை வேறு ஊர்ப் பட்டறைக்கு எடுத்துப் போயிற்று. டுவெய்ன் வரவில்லை. கிளப்பிலிருந்து ஆல்வினை நீக்கிவிட்டதாக அந்த மூவரில் ஒருவன் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனான். துரோகி என்ற சொல்லை உபயோகித்தான். யூதாஸ் என்றும் சொன்னான். பாவம், வேதாகமத்தில் அவனுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான் போலிருக்கிறது. குளிர்காலம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கோலீன் மட்டும் ஒருநாள் தன் சொந்தக் காரின் கண்ணாடியை மாற்ற எங்களிடம் கொண்டுவந்தாள். அந்தக் கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் உடையவில்லை. நானும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் சர்வேயரிடம் சொன்னது போலீஸில் சொன்னதாக ஆகாது. சீட்டு அப்படியே இருந்தது. நீதிமன்றத்தில் ஆல்வின் நேரில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஊர் முன்னால் கேட்பார்கள்.

போனோம். ஆல்வின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டார். நெலினா வேலைச் சீருடையில் வந்திருந்தாள். டுவெய்ன் வரவில்லை. மூவரில் இரண்டு பேர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரைக் கூப்பிட்டதும், சரியாகப் பார்க்கவில்லை, புகை அதிகமாக இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். என்ன புகை என்று நீதிபதி கேட்டார். ஆல்வின் எழுந்து, என்ன புகை என்று சொன்னார். அன்று ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டபோது, "வண்டி எங்கிட்ட வரும்னு ஆசைப்பட்டேன் ஐயா" என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. உட்காரும்போது அவர் கை என் கையைத் தேடியது. கொடுத்தேன்.

சீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஆல்வின் கொஞ்சம் தயங்கி நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, ஏற்றுக்கொள்ளத் தயாராகக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். நெலினா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட வேன் இருக்கா சார்? என் அத்தை மகன் இன்னும் வரலை. நான் பார்த்துக்கற பெரியவர் இந்நேரம் ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுக்கிட்டு கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருப்பார்."

நான் பின்னால் பெயிண்ட் டின்களுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். அவள் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே போனோம். ஒரு வெள்ளை வீட்டின் முன் நிறுத்தச் சொல்லி, ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். திரும்ப அழைத்துப் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஆல்வின் காத்திருந்தார். அடுத்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்குமே என்றார் என்னிடம்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. பனியன் போட்ட ஒரு கிழவர் தலையை நீட்டினார்.

"யாரய்யா அது, என் வாசல்ல எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு? பெட்ரோல் என்ன உங்க அப்பன் கிணத்துலயா வருது?"

ஆல்வின் எஞ்சினை அணைத்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஏதாவது தூக்கிவிட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அந்த வீட்டுக்குள் போனார்.